பால் டின் கிடைக்காத வாரம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட மழையை நினைவுகூரும்போது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த 95 சென்டிமீட்டரை எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸைச் சொல்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் ஏரலும் ஆத்தூரும் ஸ்ரீவைகுண்டமும் துண்டிக்கப்பட்டுக் கிடந்ததைச் சொல்கிறார்கள். அந்த ஊர்களில் கைக்குழந்தை இருந்த வீடுகளின் கவலை வேறு. டின்னில் எத்தனை கரண்டி பவுடர் மீதி இருக்கிறது, தெருமுனை மெடிக்கல் கடை எப்போது திறக்கும், திறந்தால் அங்கே டின் இருக்குமா என்பதுதான் அவர்கள் கேள்வி. அரிசி இல்லாவிட்டால் பெரியவர்கள் பிஸ்கட்டை வைத்து ஒரு நாளை ஓட்டிவிடுவார்கள். நான்கு மாதக் குழந்தைக்கு அப்படி ஒரு மாற்று இல்லை.

தாய்ப்பாலே முதல் உணவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தாயை இழந்த குழந்தை, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் தாயின் குழந்தை, ஏதோ காரணத்தால் பால் நின்றுபோய் டின்னுக்குப் பழகிவிட்ட குழந்தை என்று பலர் இருக்கிறார்கள். வெள்ளம் வந்த அன்று அந்த வீட்டில் போய் அறிவுரை சொல்வதில் பயனில்லை. டின் எங்கே கிடைக்கும், கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று தெரிந்திருந்தால் பயன் உண்டு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குழந்தையின் எடை கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லி பால் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. ஐந்து கிலோ குழந்தைக்கு 750 மில்லி. அதற்குச் சுமார் 100 கிராம் பவுடர் ஆகும். அப்படியானால் 400 கிராம் டின் நான்கு நாளைக்குத்தான் வரும். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் ஒரு டின் தீரும்போதுதான் அடுத்த டின் வாங்குகிறார்கள். விலை அப்படி, ஒரே நேரத்தில் மூன்று டின் வாங்கக் காசு எல்லோரிடமும் இருக்காது. அதனால் சாலை நான்கு நாள் அறுந்தாலே போதும், பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் டின் காலியாகிவிடும்.

கடையிலும் அதே நிலைதான். டின் கம்பெனியிலிருந்து நேராக மெடிக்கல் கடைக்கு வருவதில்லை. கம்பெனியின் சரக்கு முதலில் சென்னை, மதுரை, கோவை போன்ற பெரிய ஊர் குடோனில் இறங்கும். அங்கிருந்து மாவட்ட ஸ்டாக்கிஸ்டின் குடோனுக்கு வரும். அவருடைய ஆள் வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பார், பிறகு டெம்போவில் சரக்கு போகும். சிறிய மெடிக்கல் கடைக்காரர் ஒரு வயதுப் பிரிவுக்கு விரல்விட்டு எண்ணும் அளவு டின்தான் வைத்திருப்பார். காலாவதியானால் நஷ்டம் என்ற பயம் அவருக்கு. ஆகவே கடை அலமாரி காலியாக இருப்பதால் ஊரிலேயே டின் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு குடோனில் டின் இருக்கும். நடுவில் பாலம் இருக்காது, அல்லது டெம்போ ஓட்டுநரின் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும்.

சில நேரம் தொழிற்சாலையே நின்றுபோகும். அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலம் ஸ்டர்ஜிஸ் ஊரிலிருந்த அபாட் நிறுவனத்தின் ஆலை கிருமிப் பிரச்சினையால் மூடப்பட்டது. உலகத்திலேயே பணக்கார நாட்டில் மாதக்கணக்கில் அலமாரிகள் காலியாகக் கிடந்தன; ஒரு ஆளுக்கு இத்தனை டின்தான் என்று கடைகள் அளவு வைத்தன; ராணுவ விமானத்தில் ஐரோப்பாவிலிருந்து பவுடர் வந்திறங்கியது. சில கம்பெனிகளை மட்டும் நம்பியிருக்கும் எந்த நாட்டுக்கும் இது நேரும். நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் அந்த வகை அல்ல. சாலை அறுவதால் வரும் தட்டுப்பாடு இது, சில நாளில் தீரக்கூடியது. இதைத் தெரிந்துகொண்டாலே பதற்றம் கொஞ்சம் அடங்கும்.

குடோனுக்குள் நடக்கும் வேலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் டின் நல்லபடியாகக் குழந்தைக்கு வந்துசேர்வது அங்கே வேலை செய்பவர்களின் கையில் இருக்கிறது. தூத்துக்குடிக் காற்றில் உப்பு உண்டு. தகர டின்னின் விளிம்பில் துரு பிடிப்பதும், அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் பாக்கெட் ஈரம் இழுத்து உள்ளே பவுடர் கட்டி தட்டுவதும் இங்கே சீக்கிரம் நடக்கும். அதனால் பால் பவுடர் அட்டிகளைத் தரையில் போடக்கூடாது, பேலட் மேல் அடுக்க வேண்டும். சுவரை ஒட்டாமல் இடம் விட வேண்டும். சோப்பு, கொசுமருந்து, கருவாடு இருக்கும் மூலையில் வைக்கக்கூடாது. எது முதலில் வந்தது என்று பார்ப்பதைவிட எது முதலில் காலாவதியாகும் என்று பார்த்து அதை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். அடிப்பெட்டி நசுங்காத உயரத்துக்கு மேல் அட்டி போகக்கூடாது. இதையெல்லாம் கண்ணும் கருத்துமாகச் செய்கிறவர் பெரும்பாலும் தினக்கூலிக்கு வரும் லோடுமேன்தான். அவர் பெட்டியை எறியாமல் கைமாற்றி வைத்தால் டின் நெளியாது. டின் நெளியாவிட்டால் மூடி இறுக்கம் விடாது.

வெள்ளம் குடோனுக்குள் வந்துவிட்டால் கேள்வி கடுமையாகிறது. நனைந்த சரக்கைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, விலை குறைத்து விற்கும் ஆசை யாருக்கும் வரும். சேலைக்கும் பாத்திரத்துக்கும் அது சரி. குழந்தைப் பாலுக்குச் சரியே இல்லை. வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் செத்த கால்நடையும் வயல் மருந்தும் கலந்திருக்கும். அட்டைப்பெட்டி பாக்கெட் நனைந்திருந்தால் அது குப்பைக்கு. பிளாஸ்டிக் மூடி போட்ட, இழுத்துத் திறக்கும் தகரத் தகடு உள்ள டின் தண்ணீரில் மூழ்கியிருந்தால் அதுவும் குப்பைக்கு. மூடி விளிம்பின் இடுக்கில் புகுந்த அழுக்கை எந்தத் துணியாலும் எடுக்க முடியாது. வெள்ளத்துக்குப் பின் தெருவோரம் பாதி விலைக்குப் பால் டின் விற்கிறது என்றால் வாங்காதீர்கள். லேபிள் சுருங்கியிருந்தாலோ, அடியில் சேற்றுக் கோடு இருந்தாலோ, தேதி அழிந்திருந்தாலோ யோசிக்கவே வேண்டாம்.

இனி தேடும் விதம். பத்துக் கடை ஏறி இறங்குவதைவிட ஒரு கடைக்காரரிடம் சரியான கேள்விகளைக் கேட்பது மேல்.

“அண்ணாச்சி, டின் பால் இருக்கா?”

“இல்லம்மா, லோடு வரல.”

பெரும்பாலும் பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது. முடிக்காதீர்கள். இந்தச் சரக்குக்கு ஸ்டாக்கிஸ்ட் யார், அவருடைய குடோன் எந்தப் பக்கம், அடுத்த லோடு என்றைக்கு என்று கேளுங்கள். அவருடைய கடையில் இல்லாவிட்டாலும் எந்தக் கடைக்கு நேற்று இறங்கியது என்று அவருக்குத் தெரியும்; மெடிக்கல்காரர்கள் ஒருவரோடு ஒருவர் போனில் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்கு வேறு வழியில் வருவதால் அங்கேயும் பாருங்கள். மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கும் மருந்தகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மதுரையிலோ நாகர்கோவிலிலோ உறவினர் இருந்தால், சாலை திறந்ததும் வரும் முதல் ஆளிடம் இரண்டு டின் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அது சட்டப்படி குற்றம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் குழந்தை பசியில் இருக்கும்போது முதலில் பாலை வாங்குங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள், புகாரைப் பிறகு கொடுங்கள்.

நல்ல கடைக்காரர் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பார்: “புள்ளைக்கு எத்தன மாசம்?” அதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் வழக்கமாக வாங்கும் கம்பெனி இல்லாவிட்டால் வேறு கம்பெனியின் அதே வயதுப் பிரிவு டின்னை ஆரோக்கியமான குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். இந்தியாவில் விற்கும் எல்லாக் குழந்தைப் பால் பவுடரும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைக்குள் வர வேண்டும். புரதம், கொழுப்பு, இரும்புச்சத்து எல்லாவற்றுக்கும் கீழ் வரம்பு மேல் வரம்பு உண்டு. ஓரிரு நாள் மலத்தின் நிறமோ இறுக்கமோ மாறலாம், பயப்பட வேண்டாம். டின்னுக்குள் இருக்கும் கரண்டியை மட்டும் மாற்றிவிடக்கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி கரண்டியின் அளவு வேறுபடும். குறைமாதக் குழந்தைக்கும், லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும், பிறவியிலேயே உடல் வேதிமாற்றக் கோளாறு உள்ள குழந்தைக்கும் எழுதிக் கொடுத்த சிறப்புப் பவுடர் தீர்ந்தால் கடையில் தேடிக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவரிடம் போங்கள்.

செய்யக் கூடாதவற்றில் முதலாவது, இருக்கும் பவுடரில் தண்ணீரைக் கூட்டி நீட்டுவது. அன்புள்ள பாட்டிதான் இதைச் செய்வார், குழந்தையின் வயிறு நிறையட்டும் என்று. குழந்தையின் சிறுநீரகத்தால் அந்த அதிகத் தண்ணீரை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரும். பாலைக் கெட்டியாகக் கரைப்பதும் ஆபத்துதான். கண்டென்ஸ்டு மில்க், அரிசிக் கஞ்சி, குளுக்கோஸ் தண்ணீர், தேன் எதுவும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பாலுக்கு மாற்று அல்ல. தேனில் இருக்கக்கூடிய கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நரம்பையே முடக்கும். தெருவில் கறந்து விற்கும் கழுதைப்பாலும் குழந்தைப் பாலுக்கு மாற்று அல்ல.

டீக்குப் போடும் பால் பவுடரும் குழந்தைப் பால் பவுடரும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறைய. இந்தக் கடலோரத்துக்கு அதில் ஒரு நேரடி அனுபவமும் உண்டு. 2022இல் இலங்கையில் டாலர் தீர்ந்து, பால்மாவுக்கு விடியற்காலையிலேயே மக்கள் வரிசையில் நின்றார்கள். தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகள் என்று 123 கோடி ரூபாய்க்கு உதவி அறிவித்தது. முதல் கப்பல் மே மாதம் சென்னையிலிருந்து போனது. ஜூனிலும் ஜூலையிலும் போன அடுத்த இரண்டும் நம் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டன. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய அதே கடல்வழி. துறைமுகத் தொழிலாளர்கள் ஏற்றி அனுப்பிய அந்தச் சரக்கை நினைத்து எனக்கு இன்றும் பெருமைதான். 500 டன்னை அரைக் கிலோ பாக்கெட்டாகக் கணக்கிட்டால் பத்து லட்சம் பாக்கெட் வரும். அதனால் எத்தனை வீட்டில் பிள்ளைகள் காலையில் ஒரு டம்ளர் பால் குடித்திருப்பார்கள்! ஆனால் அது குடும்பத்துக்கான பால் பவுடர். பசும்பாலைக் காயவைத்த பவுடரில் கேசின் என்ற புரதமும் உப்புகளும் சிறு குழந்தையின் வயிறும் சிறுநீரகமும் தாங்கும் அளவைவிட அதிகம், இரும்புச்சத்து மிகக் குறைவு. குழந்தைக்கான பவுடரில் இந்த அளவுகளைத் தாய்ப்பாலுக்கு நெருக்கமாக மாற்றியிருப்பார்கள். நிவாரணப் பொருள் அனுப்புகிறவர்களும் வாங்குகிறவர்களும் இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருக்க வேண்டும்.

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டதா? அப்படியானால் மூச்சு விடலாம். 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் இல்லாத நிலையில் பவுடர் பாலோ விலங்கின் பாலோ கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. ஆவின் பாக்கெட் பாலை நன்றாகக் காய்ச்சி, தண்ணீர் கலக்காமல் கொடுங்கள். கூடவே குழைந்த சோறு, பருப்பு, முட்டை, கீரை என்று இரும்புச்சத்துள்ள உணவும் போக வேண்டும். வெறும் பசும்பாலிலேயே மாதக்கணக்கில் ஓட்டினால் ரத்தசோகை வரும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு எந்த வழியும் இல்லையென்றால் வீட்டில் பரிசோதனை செய்யாமல் 104க்கு அழைத்துக் கேளுங்கள். குழந்தை சோர்ந்து, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தால் 108.

பால் கரைப்பதில் பலர் அறியாத ஒன்று உண்டு. டின்னுக்குள் இருக்கும் பவுடர் கிருமியே இல்லாதது அல்ல. அமெரிக்க ஆலை மூடப்பட்டதும் குரோனோபாக்டர் என்ற கிருமியை முன்னிட்டுத்தான். கொதித்த தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், அது 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் பவுடரைக் கலந்தால் அந்தக் கிருமி சாகும். பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, கையில் விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கேஸ் தீர்ந்துபோன வீட்டில், இருக்கும் விறகு முதலில் குழந்தையின் தண்ணீருக்கே.

வெள்ள நாட்களில் பால் புட்டியை ஒதுக்கிவையுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். நிப்பிளையும் புட்டியின் கழுத்தையும் கலங்கல் தண்ணீரில் சுத்தம் செய்யவே முடியாது. பாலாடையும் சங்கும் நம் வீடுகளில் இருந்தவைதானே. மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்கள் எடுத்துவரும் சங்கையே ஒரு காலத்தில் தேய்த்து மழமழப்பாக்கிப் பிள்ளைக்குப் பால் ஊட்டினார்கள். இன்று எவர்சில்வர் சங்கு கிடைக்கிறது. இல்லாவிட்டால் சின்ன டம்ளரும் ஸ்பூனும் போதும். பிறந்த குழந்தைகூட டம்ளர் விளிம்பிலிருந்து நக்கிக் குடிக்கும். நிமிர்த்திப் பிடித்து, மெதுவாக, குழந்தையின் வேகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

நிவாரணம் கொடுக்க வரும் நல்ல மனிதர்களிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. குழந்தைப் பால் மாற்றுப்பொருட்கள் பற்றி 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட சட்டம் பால் டின்னையும் புட்டியையும் விளம்பரப்படுத்துவதைத் தடைசெய்கிறது. அனாதை இல்லங்கள் தவிர்த்து வேறு யாருக்கும் இலவசமாக விநியோகிப்பதையும் தடைசெய்கிறது. கேட்கும்போது கல்நெஞ்சச் சட்டம்போல் தோன்றும். 2004 சுனாமிக்குப் பின் புதுச்சேரிக் கடலோரக் கிராமங்களில் ஜிப்மர் மருத்துவர்கள் செய்த ஆய்வு அதன் காரணத்தைக் காட்டியது: இலவசமாக வந்த பால் பவுடரைக் குடித்த குழந்தைகளிடம், குடிக்காதவர்களைவிட மூன்று மடங்கு வயிற்றுப்போக்கு. 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பூகம்பத்துக்குப் பின்னும் இதே கதை. நன்கொடைப் பவுடர் பெற்ற வீட்டுக் குழந்தைகளில் 25.4 சதவீதத்துக்கு வயிற்றுப்போக்கு, பெறாத வீடுகளில் 11.5. பவுடர் வந்தது, நல்ல தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான் காரணம். அதுவரை தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைகளும் கையில் வந்த டின்னுக்கு மாறிப்போனார்கள். ஆகவே லாரியில் டின்னை அடுக்கி வீடு வீடாக வீசாதீர்கள். டின் உண்மையிலேயே தேவைப்படும் குழந்தையைச் சுகாதாரச் செவிலியர் அடையாளம் காட்டட்டும்; அவர் வழியாக, காய்ச்சிய தண்ணீரோடும் பாத்திரத்தோடும் அது போய்ச் சேரட்டும். லாரியில் இடம் இருந்தால் தாய்மார்களுக்குச் சோறும் குடிதண்ணீரும் ஏற்றுங்கள்.

ஏனென்றால் வெள்ளத்தில் அறுந்துபோகாத ஒரே விநியோகம் தாயிடம் இருக்கிறது. “பயத்துல பால் வத்திப்போச்சு” என்று முகாம்களில் பெண்கள் சொல்வதுண்டு. பயமும் களைப்பும் பால் இறங்குவதைச் சிறிது நேரம் தாமதப்படுத்தும், சுரப்பை நிறுத்திவிடாது. மறைவான ஒரு இடமும், பக்கத்தில் ஒரு பெண் துணையும், வயிற்றுக்குச் சாப்பாடும் இருந்தால் பால் இறங்கும். சில வாரம் முன்பு நிறுத்திய தாய்க்கும் குழந்தையை நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை மார்பில் போட்டுக்கொண்டே இருந்தால் ஓரிரு வாரத்தில் சுரப்பு திரும்புவதுண்டு. அதுவரை டின்னை உடனே நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆனாலும் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் சுமார் 55 சதவீதம்தான். பிரசவ வார்டிலேயே தாயின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஆள் போதவில்லை என்பதையே இந்த எண்ணில் நான் பார்க்கிறேன். டின் தட்டுப்பாட்டின் பாதி அங்கே தொடங்குகிறது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. டின் பாலை நம்பியிருக்கும் வீட்டில் திறந்த டின்னைத் தவிர திறக்காத இரண்டு டின் இருக்கட்டும், மொத்தம் பத்து நாளைக்கு வரும். அதற்கு மேல் பதுக்க வேண்டாம், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு வேண்டும். காய்ச்சித் தெளிந்த தண்ணீருக்கு மூடியுள்ள ஒரு குடம், ஒரு சங்கு, ஒரு தீப்பெட்டி, எல்லாவற்றையும் பரண்மேல் வையுங்கள். ஸ்டாக்கிஸ்டுகள் பால் பவுடர் அட்டியைக் குடோனின் மேல்வரிசைக்கு ஏற்றிவிடலாம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊர்களின் கடைகளுக்கு இரண்டு வார சரக்கை முன்கூட்டியே இறக்கிவிடலாம்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பதும் பெரிதல்ல. இந்த மாநிலத்தில் ஒவ்வொரு கர்ப்பமும் பிக்மி என்ற அரசுப் பதிவு எண்ணில் பதிவாகிறது. எந்தக் கிராமத்தில் எத்தனை கைக்குழந்தைகள், அவர்களில் யார் யார் டின் பாலில் இருக்கிறார்கள் என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும். எந்த குடோனில் எத்தனை பெட்டி இருக்கிறது என்பது ஸ்டாக்கிஸ்டின் பில் புத்தகத்தில் இருக்கிறது. செப்டம்பரிலேயே ஒரு நாள் இந்த இருவரையும் கலெக்டர் அலுவலகத்தில் ஒரே மேசைக்கு அழைத்து, ஏரலுக்கு இத்தனை, ஆத்தூருக்கு இத்தனை, புன்னைக்காயலுக்கு இத்தனை என்று எழுதி, அந்தப் பெட்டிகளை அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் உயரமான அறையில் வைத்துவிட வேண்டும்.